ஓர் அம்பும் பல நூறு அம்புகளும்

வில்லாண்மையில் சிறந்தவர் யார் என்பதை எத்தனை அம்புகள் கொண்டு முடிவு செய்வது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு ஒலிம்பிக் போட்டி ஒரு விடையும், தென்கொரியர் தம் அணியைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறொரு விடையும் தருகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நெடுங்காலம் அல்லலுற்றவர் கிம் வூ-ஜின் என்னும் கொரிய வீரர். அவர் வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

முதற்கண் போட்டி முறையை நோக்குவோம். நெடிய இடைவெளிக்குப் பின் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பெற்றபோது ஒவ்வொருவரும் 288 அம்புகள் எய்தனர். கூட்டுத்தொகையே வெற்றியை முடிவு செய்தது. 1992 முதல் இருவர் எதிரெதிரே மோதும் முறை புகுந்தது. இன்று முதலில் எய்யப்படும் 72 அம்புகள், தனிநபர் போட்டியில் யார் யாரோடு மோதுவது என்பதை வரிசைப்படுத்தவே உதவுகின்றன. பின்னர், மும்மூன்று அம்புகள் கொண்ட செட்டுகள். ஒரு செட்டை வென்றால் 2 புள்ளிகள், சமமானால் ஆளுக்கு ஒன்று. முதலில் 6 புள்ளிகளை எட்டியவர் வென்றவர். 5-5 என நின்றால் ஆளுக்கு ஒரே ஓர் அம்பு. இலக்கு நிற்பதோ 70 மீட்டர் தொலைவில். அதில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டரே.

கிம் 2011இல் உலக வாகையர். ஆயினும் மறு ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்கான நாட்டுத் தேர்வில் நான்காமவரானார். இடங்கள் மூன்றே! பழைய பதக்கம் பார்த்து அங்கு இடம் தருவதில்லை. மாதக்கணக்கில், பல கட்டங்களாக, எண்ணற்ற அம்புகளை எய்து மேலெழுபவரே அணியில் சேர்வர். உலக வாகையர் வீட்டிலிருந்தே ஒலிம்பிக்கைக் காண நேர்ந்தது.

2016இல் ரியோவில், வரிசைப்படுத்தும் சுற்றில் 720க்கு 700 எடுத்து உலக சாதனை படைத்தார். அணிப் போட்டியில் தங்கம் கிட்டியது. தனிநபர் போட்டியிலோ இரண்டாம் சுற்றிலேயே இந்தோனேசிய வீரரிடம் தோற்றார். 72 அம்புகளில் உலகை வென்றவரைச் சில அம்புகள் வெளியேற்றிவிட்டன.

2024 ஆகஸ்டு 4. பாரிஸ் இறுதியாட்டத்தில் எதிரே அமெரிக்கரான பிராடி எலிசன். ஐந்தாம் செட்டில் இருவருமே மூன்று பத்துகள்; கணக்கு 5-5. பின்னர் எய்த ஓரம்பும் இருவர்க்கும் பத்தே. அளந்து பார்த்தனர்: நடுப்புள்ளியிலிருந்து கிம்மின் அம்பு 55.8 மில்லிமீட்டர், எலிசனின் அம்பு 60.7. வேறுபாடு 4.9 மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் நீளத்தினும் குறைவு. எலிசனை அதனால் தாழ்ந்தவர் என எவரேனும் கூறுவரோ? திறனை அளக்கப் பல அம்புகள் வேண்டும். ஓரம்பு அளப்பது நெஞ்சுறுதியையும் அந்நேரத்துக் காற்றையுமே என்பது என் கருத்து. ஆனால் காண்போர்க்கு இன்பம் அதில்தான், மறுப்பதற்கில்லை.

பல அம்புகளின் தீர்ப்பும் கொடியதே. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சான் என்னும் வீராங்கனை, பாரிஸ் அணிக்குத் தேர்வாகவில்லை. அவர் இருந்த அணிக்கு மாறாகச் சென்ற மூவருக்கும் அதுவே முதல் ஒலிம்பிக். சீனாவுடனான இறுதியாட்டம் சமநிலையடைந்து, கூடுதல் அம்புகளால் முடிந்தது. 1988 முதல் கொரியப் பெண்கள் இடைவிடாது பெற்றுவரும் அணித் தங்கங்களில் அது பத்தாவது.