கண்ணுக்கு யாரிடம் போவது?



கண்ணில் ஒரு கோளாறு என்றால் நம் தோட்டங்களில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். "டவுன்ல கண்ணாடிக் கடைக்குப் போ" என்பார் ஒருவர். "மருந்துக் கடையில சொட்டு மருந்து வாங்கி விடு, சரியாப் போயிடும்" என்பார் இன்னொருவர். "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா போதும்" என்பார் பாட்டி. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், சில கண் நோய்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. போகக் கூடாத இடத்துக்குப் போய் நான்கு நாளைக் கழித்துவிட்டால், ஐந்தாம் நாள் பெரிய டாக்டராலும் பார்வையைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம்.

ஆகவே, கண்ணைக் கவனிப்பவர்கள் யார் யார், அவர்கள் என்ன படித்தவர்கள், அவர்களால் எதைச் செய்ய முடியும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. டிரஸர்

நாம் முதலில் பார்ப்பது டிரஸரைத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ல் ஒரு சட்டம் வந்தது. இன்று பல தோட்டங்களில் டிரஸர் இல்லை. பக்கத்திலுள்ள 'கிளினிக் கெசிஹாத்தான்'தான் நமக்குத் துணை. அங்கே உங்களை முதலில் பார்க்கும் மருத்துவ உதவி அதிகாரி, மூன்றாண்டு டிப்ளோமா படித்தவர். கண்ணைக் கழுவுவது, மேலோட்டமாக ஒட்டிய தூசியை எடுப்பது, சாதாரணக் கண்வலிக்கு மருந்து கொடுப்பது ஆகியவை அவருக்குத் தெரியும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண் டாக்டருக்கு அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம். அந்தக் கடிதத்தோடு போனால்தான் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வேலை சுலபமாக நடக்கும்.

2. கண்ணாடிக் கடையில் இருப்பவர்

இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார், இயந்திரத்தில் கண்ணைப் பார்ப்பார். அதனால் அவரை "கண் டாக்டர்" என்றே அழைக்கிறோம். உண்மையில் கடையில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒருவர் ஆப்டிஷியன். எழுதிக் கொடுத்த அளவுக்கு ஏற்பக் கண்ணாடியைத் தயார் செய்து பொருத்துபவர். மற்றவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பல்கலைக்கழகத்தில் நான்காண்டு படித்துப் பட்டம் பெற்றவர். பார்வை அளவைப் பார்ப்பார், கண்ணில் நோயின் அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி வைப்பார்.

இரு வகையினரும் 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும், நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்க முடியாதவருக்கும் இவர்களின் சேவை மிகவும் பயனுள்ளது. ஆனால், சிவந்த கண்ணுக்கும் அடிபட்ட கண்ணுக்கும் இங்கே வைத்தியம் கிடையாது. ஆப்பரேஷன் செய்யவோ, மருந்து எழுதிக் கொடுக்கவோ இவர்களுக்கு அனுமதி இல்லை.

3. கண் டாக்டர்

ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. பிறகு இரண்டாண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. சில காலம் டாக்டராக வேலை செய்த பின், கண்ணுக்கென்றே நான்காண்டு மேற்படிப்பு. ஆக, ஒரு கண் நிபுணர் உருவாக ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்வதும், கண்ணின் உள்நோய்களுக்கு மருந்து கொடுப்பதும் இவர் பொறுப்பு.

எந்தக் கோளாறுக்கு யார்?

செம்பனை மட்டையின் முள்ளோ, குலை வெட்டும்போது தூளோ கண்ணில் பட்டு, வலியும் கூச்சமும் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கண் டாக்டரைப் பாருங்கள். செடிகொடி பட்ட காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்து, கருவிழியில் புண் வரலாம். அந்த நேரத்தில் யாரோ மிச்சம் வைத்த சொட்டு மருந்தை விட்டால் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி குறைந்தது போலத் தோன்றும். உள்ளே புண் பரவிக்கொண்டே போகும். தாய்ப்பாலும் கண்ணுக்கு மருந்தல்ல.

பால் உறைய வைக்கும் ஆசிட்டோ, அமோனியாவோ, புல்லுக்கு அடிக்கும் மருந்தோ கண்ணில் தெறித்தால் யாரையும் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீர்! கிடைக்கும் சுத்தமான தண்ணீரைக் கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். அதன் பிறகு நேரே ஆஸ்பத்திரி. மருந்து டின்னின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

வயதானவர்களுக்குப் பார்வை புகைமூட்டமாகத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம். இதற்குச் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. ஆப்பரேஷன் ஒன்றே வழி. அதுவும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்து வீடு திரும்பலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று இருந்துவிடாதீர்கள். பார்வை மங்கும் முன்பே உள்ளே இரத்தக் குழாய்கள் கெட்டிருக்கும். 2023-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

திடீரென்று ஒரு கண் மங்கினாலோ, தலைவலி, வாந்தியோடு கண் சிவந்து வலித்தாலோ, அது இரவானாலும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டாக்டரை நம்மிடம் கொண்டு வந்தவர்கள்

"இவ்வளவு படித்த டாக்டர் நம்மைப் போன்றவர்களை எங்கே கவனிக்கப் போகிறார்?" என்று தயங்குபவர்கள், மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1918-ல் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ டாக்டராக வேண்டும் என்பதே அவர் ஆசை. மூட்டுவாத நோய் தாக்கி அவர் விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் டாக்டரானார். 1976-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கிராமம் கிராமமாக முகாம் போட்டு, ஏழைகளுக்கு இலவசமாகவும் வைத்தியம் நடந்தது. 2006-ல் அவர் மறைந்தார். ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

நம் நாட்டில் 1951-ல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம், பார்வை இழந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்து வருவதோடு, பார்வை இழப்பைத் தடுக்கவும் பாடுபடுகிறது. கண் நலத்துக்காகப் பேசுவதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. நம் கிளைத் தலைவரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரும், பெரட்டில் நிற்கும் ஒவ்வொருவரும் பேசலாம்.

உங்கள் உரிமை

மருந்து அடிப்பவருக்கும் குலை வெட்டுபவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. வேலை நேரத்தில் கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சோக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துக்கான சோக்சோ பாதுகாப்பு உண்டு. "சின்ன காயம்தானே, ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று மறைத்தவர், பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது ஆதாரம் இல்லாமல் திண்டாட நேரும். எம்.சி., கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். சிக்கல் வந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

மனத்தில் வைக்க:

எழுத்து தெரியவில்லையா? ஆப்டோமெட்ரிஸ்ட்.
சிவப்பு, வலி, காயமா? அன்றே கிளினிக், அங்கிருந்து கண் டாக்டர்.
ஆசிட் தெறித்ததா? முதலில் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி.
இனிப்பு நீரா? வருடம் ஒருமுறை கண் படம்.

இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.