மார்கழிக் காலையில் பாதம் குளிர்வது ஏன்?

மாணவர்களே! மார்கழி விடியலில் திருவையாற்றிலிருந்து தஞ்சைக்கு மிதிவண்டியில் சென்றிருக்கிறீர்களா? காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடப்பதற்குள் உடல் வியர்த்துவிடும். பாதங்கள் மட்டும் சில்லிட்டிருக்கும். ஏன்?

மிதிக்கும்போது பெரிதும் உழைப்பவை தொடை, கெண்டைக்கால் தசைகளே. பாதத்திற்கு வெப்பத்தைக் கொண்டுவருவது இரத்தம். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இந்த வரவு குறைகிறது. செலவோ கூடுகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் வீசும் எதிர்காற்று, தோலை ஒட்டிய வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை அகற்றிவிடுகிறது.

அப்படலத்தை அசையாமல் காப்பதே காலுறையின் வேலை. அசையாத காற்று ஓர் அரிதிற்கடத்தி. நீரோ அதைவிட ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பனி படர்ந்த வரப்பில் நடந்து காலுறை நனைந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அதில் ஒரு பகுதியைப் பாதமே கொடுக்கிறது.

என் பாதங்கள் பெரியவை. மாணவப் பருவத்தில், பற்றாத காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்துக்கொண்டு போனேன். குளிர் கூடியதே தவிரக் குறையவில்லை! இறுக்கத்தால் இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறியது; இரத்த ஓட்டமும் தடைப்பட்டது.

ஆகவே, பாதத்தை நன்கு துடையுங்கள். விரல்கள் அசைய இடமுள்ள காலணியும் உலர்ந்த ஒரு காலுறையும் போதும்.

சோதித்துப் பாருங்கள்: ஒரே அளவு வெந்நீர் உள்ள இரு குவளைகளில் ஒன்றை உலர்ந்த காலுறையாலும் மற்றதை ஈரக் காலுறையாலும் மூடி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து எது முதலில் ஆறியது?