அரியர் விழாமல் இருக்க...

மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கக் கோடு போட்டால் படித்துவிட்ட மாதிரிதான் தோன்றும். மனதில் நிற்பது கொஞ்சம். வகுப்பு நடந்த அன்றே நோட்டை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படியுங்கள். 2 நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாகத் தங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்மீதே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் கடைசி நாளை நம்புகிறோம்!

பழைய வினாத்தாள்களைத் தேர்வு வாரம்வரை பூட்டி வைக்காதீர்கள். ஒரு யூனிட் முடிந்ததும் அதன் கேள்விகளுக்கு நேரம் வைத்து விடை எழுதுங்கள். செல்போன் அடுத்த அறையில் (ஹாஸ்டல் என்றால் பெட்டிக்குள்) இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு கட்டாயம் தூங்குங்கள். படித்ததை மூளை பதித்துக்கொள்ளத் தூக்கம் வேண்டும்.