பிரெஞ்சுவழிக் கல்வி பெறும் குழந்தைக்கு ஆங்கில எழுத்தறிவு கற்பித்தல்: கியூபெக் சூழலை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சுவழியில் பயிலும் இளஞ்சிறார்க்கு ஆங்கில வாசிப்பையும் எழுத்தையும் எம்முறையில் கற்பிப்பது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுத்தைக் கண்டு ஒலியாக்கும் அடிப்படை ஆற்றலைக் குழந்தை ஒருமுறையே பெறுகிறது. இரண்டாம் மொழியில் சிறப்பாகக் கற்பிக்க வேண்டியவை இரு மொழிகளின் எழுத்தும் ஒலியும் முரண்படும் இடங்களே என்பது கட்டுரையின் கருதுகோள். அம்முரண்களை வகைப்படுத்துவது பாடத்திட்டத்திற்கு மட்டுமன்றிப் பிழைகளின் காரணத்தை அறியவும் துணைபுரியும் என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்தறிவு, பயிற்றுமொழி, மூழ்குமுறைக் கல்வி, ஒலிமதிப்பு, இருமொழியம், பிழைப் பகுப்பாய்வு.

1. முன்னுரை

கியூபெக்கில் 1977ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சாசனம் பிரெஞ்சைப் பொதுப் பயிற்றுமொழியாக்கியது. பெற்றோருள் ஒருவரேனும் தம் தொடக்கக்கல்வியின் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலவழியில் பெற்றிருந்தாலன்றி, அரசு உதவி பெறும் ஆங்கிலவழிப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் பொதுவாக இயலாது. எனவே குடிபெயர்ந்தோர் குழந்தைகள் பிரெஞ்சிலேயே முதலெழுத்தைக் கற்கின்றனர். ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பலவும் விரும்பியே பிரெஞ்சு மூழ்குமுறைக் கல்வியைத் தேர்கின்றன. இவ்விரு பிரிவுப் பெற்றோர்க்கும் பொதுவான அச்சம் ஒன்றுண்டு: பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் குழந்தை ஆங்கில எழுத்தறிவில் பின்தங்கிவிடுமோ என்பதே அது. அவ்வச்சத்தால், ஆங்கில எழுத்துகளை முதலிலிருந்து மீண்டும் கற்பிக்க முற்படுவோரும் உளர். ஒன்றுமே செய்யாது விடுவோரும் உளர். இவ்விரு நிலைகளுக்கும் மாற்றான ஒரு நெறியை வகுக்க இயலுமா என்பதே ஆய்வு வினா.

2. முன்னாய்வுகள்

மாண்ட்ரியால் அருகிலுள்ள செயின்ட் லாம்பர்ட்டில், பெற்றோரின் முயற்சியால் 1965இல் தொடங்கிய வகுப்பு இத்துறையின் முதல் சான்று. ஆங்கிலம் பேசும் குழந்தைகள் மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் பிரெஞ்சிலேயே பயின்றனர். இரண்டாம் வகுப்பிலேதான் ஆங்கிலப் பாடம் இடம்பெற்றது. மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டனர். முதல் வகுப்பின் இறுதியில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருந்த அச்சிறார், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் தம்மையொத்த ஆங்கிலவழி மாணவரை எட்டினர்.

இதற்கான கோட்பாட்டு விளக்கத்தை ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த சார்புக் கருதுகோள் தருகிறது. ஒரு மொழியில் பெற்ற கல்விசார் மொழித்திறன் மற்றொரு மொழிக்கும் உதவும் என்பது அதன் சாரம். கஃப், டன்மர் ஆகியோர் 1986இல் வகுத்த எளிய வாசிப்பு மாதிரியும் இங்குக் கருதத்தக்கது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் பொருளுணரும் திறனும் பெருகிய பயன் என்பர் அவர்கள். இவற்றுள் ஒன்று இன்மையாயின் பெருக்கற்பயனும் இன்மையே.

இம்மாதிரியைச் செயின்ட் லாம்பர்ட் முடிவோடு பொருத்திக் காண்கையில் ஒரு வரையறை புலப்படுகிறது. அக்குழந்தைகளுக்கு ஒலியாக்கும் திறனைப் பிரெஞ்சுப் பள்ளி அளித்தது; பொருளுணரும் திறனை ஆங்கில வீடு அளித்தது. வீட்டில் ஆங்கிலம் வழங்காத குழந்தைக்கு இரண்டாவது திறன் தானே அமைவதில்லை. ஆகவே அவ்வாய்வின் முடிவைக் குடிபெயர்ந்தோர் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

3. இரு எழுத்துமுறைகளின் தன்மை

இரு மொழிகளும் அடிப்படையில் ஒரே 26 எழுத்துகளைக் கையாள்கின்றன. ஆயினும் எழுத்துக்கு ஒலி அமையும் ஒழுங்கு வேறு. சீமோர், ஆரோ, எர்ஸ்கின் ஆகியோர் 2003இல் வெளியிட்ட, 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளை ஒப்பிட்ட ஆய்வில், முதற் கல்வியாண்டின் இறுதியில் பழகிய சொற்களுள் ஏறத்தாழ 79 விழுக்காட்டைப் பிரெஞ்சுச் சிறார் சரியாக வாசித்தனர்; ஸ்காட்லாந்தின் ஆங்கிலச் சிறார் வாசித்தது 34 விழுக்காடு. ஸ்காட்லாந்துச் சிறார் வயதில் இளையோர் என்பதைக் கருத்திற்கொண்டாலும், ஆங்கில எழுத்துமுறையின் ஒழுங்கின்மை இதில் முதன்மைக் காரணமாகிறது. எனவே ஒப்பளவில் ஒழுங்குடைய பிரெஞ்சில் வாசிப்பைத் தொடங்குதல் குழந்தைக்கு இழப்பன்று. ஒருவகையில் அது நல்ல தொடக்கமே.

4. ஒலிமதிப்பு முரண்கள்

பிரெஞ்சு கற்ற குழந்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் முரண்களைப் பின்வருமாறு ஐந்தாக வகுக்கலாம்.

அ) எழுத்துப்பெயர் முரண்: ஆங்கிலத்தில் 'ஐ' எனப்படும் எழுத்தின் பிரெஞ்சுப் பெயர் 'ஈ'; ஆங்கிலத்திலோ 'ஈ' என்பது வேறோர் எழுத்தின் பெயர். ஆங்கிலத்தில் 'ஜீ' எனப்படுவது பிரெஞ்சில் ஏறத்தாழ 'ஜே' என்றும், 'ஜே' எனப்படுவது ஏறத்தாழ 'ஜீ' என்றும் மாறி நிற்கின்றன.

ஆ) கூட்டெழுத்து முரண்: சி, எச் என்னும் இரண்டும் சேர்ந்து பிரெஞ்சில் 'ஷ்' ஒலியையும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ச்ச்' ஒலியையும் தருகின்றன. பிரெஞ்சில் பூனையைக் குறிக்கும் 'ஷா' என்பதும் ஆங்கிலத்தில் அரட்டையைக் குறிக்கும் 'ச்சாட்' என்பதும் ஒரே நான்கு எழுத்துகளால் ஆனவை. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதைப் பிரெஞ்சு வழக்கால் எழுதும் குழந்தை, வறுவலைக் குறிக்கும் 'ச்சிப்' என்னும் சொல்லை எழுதிவிடும். ஓ, ஐ சேர்ந்து பிரெஞ்சில் 'வா' ஆகும். ஆங்கிலத்தில் 'ஆய்' என்பதை ஒத்தொலிக்கும்.

இ) ஈற்றெழுத்து முரண்: பிரெஞ்சில் சொல்லிறுதி மெய்கள் பல ஒலிப்பதில்லை; ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒலிக்கும். சொல்லிறுதி 'ஈ' எழுத்து இரு மொழிகளிலும் பெரும்பாலும் ஒலியாதாயினும் அதன் பணி வேறு. பிரெஞ்சில் அது தனக்கு முன்னுள்ள மெய்யை ஒலிக்கச் செய்கிறது. ஆங்கிலத்தில் அம்மெய்யையும் கடந்து முன்னுள்ள உயிரை மாற்றுகிறது. 'கிட்' என்பது 'கைட்' ஆவது இதனால்.

ஈ) ஒலியின்மை முரண்: 'எச்' எழுத்துக்குப் பிரெஞ்சில் தனி ஒலி இல்லை. ஆங்கிலத்தின் பல்லிடை உரசொலிகளும் பிரெஞ்சில் இல்லை. இவற்றில் எழுத்துக்கு முன்னரே செவிக்குப் பயிற்சி தேவை.

உ) அலகு முரண்: மெய்யும் உயிரும் சேர்த்துச் சொல்லும் அசைமுறை பிரெஞ்சுத் தொடக்கக்கல்வியில் நெடுங்கால வழக்கு. தமிழ் உயிர்மெய்ப் பயிற்சியை இது ஒத்தது. ஆங்கிலத்திலோ உயிரின் மதிப்பை அதனைத் தொடரும் மெய்யே பலவிடத்தும் உணர்த்துகிறது. 'புக், லுக், குக்' என்பவற்றில் ககரத்தின் முன் குறிலாக ஒலிக்கும் இரட்டை 'ஓ', 'மூன், நூன், ஸ்பூன்' என்பவற்றில் னகரத்தின் முன் நெடிலாகிறது. சீக்ளர், கோஸ்வாமி ஆகியோர் 2005இல் முன்வைத்த அலகளவுக் கோட்பாடு இதனை விளக்குகிறது. ஆகவே ஆங்கிலச் சொற்களை, யாப்பில் இயைபு காண்பதுபோல, ஈற்றொலிக் குடும்பங்களாகக் கற்பித்தல் தகும்.

முரண்களுக்கு எதிராக ஒப்புமைகளும் மிகுதி. 'சி' எழுத்து 'ஈ, ஐ, ஒய்' என்னும் எழுத்துகளுக்கு முன் 'ஸ்' ஆதல் இரு மொழிக்கும் பொது. 1066க்குப் பிந்திய நார்மானியர் ஆட்சியின் விளைவாகவும் இலத்தீன் வழியாகவும் ஆங்கிலத்தில் கலந்த சொற்கள் பலவற்றின் எழுத்துவடிவம் பிரெஞ்சோடு ஒத்தது. 'டேபிள்', 'அனிமல்', 'நேஷன்' முதலியவற்றின் வடிவத்தைக் குழந்தை முன்னரே அறியும். ஒலிப்பை மட்டும் கற்றால் போதும்.

5. கற்பித்தல் நெறி

மேற்கண்ட பகுப்பிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறன் உறுதிப்படும்வரை ஆங்கிலத்தில் கதை படித்துக் காட்டுதல், பாடல், உரையாடல் ஆகியவற்றால் கேட்டுணரும் திறனை வளர்த்தல். இரண்டாவது, எழுத்துப்பெயர்களைப் பின்னுக்குத் தள்ளி ஒலிமதிப்புகளை முதலில் கற்பித்தல். மூன்றாவது, பொதுவானவற்றை விரைந்து கடந்து, முரண்படுவனவற்றில் நாள் ஒன்றுக்கு ஒன்றாக நின்று கற்பித்தல். ஒரே வடிவுடைய சொல்லை இரு மொழியிலும் வாசிக்கச் செய்தல் இதற்கு ஏற்ற பயிற்சி. நான்காவது, 'தி', 'வாஸ்', 'செட்' போன்று விதிக்கு அடங்காமல் அடிக்கடி வருஞ்சொற்களை முழுவடிவில் பழக்குதல்.

6. பிழையும் குறைபாடும்

இவ்வகைப்பாட்டின் முதன்மைப் பயன் பிழையை மதிப்பிடுவதில் உள்ளது. ஆங்கிலத்தில் இடறும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு உண்டெனவோ, இரு மொழிச் சுமையே காரணமெனவோ முடிவு கட்டும் போக்கு பரவலாக உள்ளது. குழந்தையின் பிழைகள் பிரெஞ்சு ஒலிமதிப்பால் விளக்கத்தக்கனவாயின், அவை அறியாமையின் அடையாளமல்ல. கற்ற விதியைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கும் அறிவின் அடையாளம். உரிய முரணைக் கற்பித்தலே அதற்குத் தீர்வு. அவ்வாறன்றி, சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் சேர்ப்பதிலும் இரு மொழியிலும் இடர்ப்பாடு நீடிக்குமாயின், காத்திராமல் வல்லுநரை நாடுதல் வேண்டும். மூழ்குமுறை மாணவரை ஆராய்ந்த கோமோ முதலியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு, ஒலியனுணர்வு இரு மொழி வாசிப்போடும் தொடர்புடையது எனக் கண்டது இதற்கு அரணாகிறது.

7. தமிழ்க் குழந்தையின் நிலை

மாண்ட்ரியால் தமிழ்க் குடும்பங்களில் இச்சிக்கல் மும்மடங்காகிறது. வீட்டில் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், சூழலில் ஆங்கிலமும் வழங்குகின்றன. ஆங்கில எழுத்தறிவுக்காக வீட்டுமொழியைக் கைவிடும் பெற்றோர், லாம்பர்ட் வகுத்த இழப்பு இருமொழியத்திற்கு இடந்தருகின்றனர். வீட்டுமொழி நிலைத்திருக்கப் பிறமொழி வந்து சேர்வதே அவர் கூறும் சேர்ப்பு இருமொழியம். கதை கேட்டு நிரலுறச் சொல்லும் ஆற்றலைத் தமிழிலேயே வளர்க்கலாம். ககரம் இடத்திற்கேற்ப வேறாக ஒலிப்பதைத் தமிழில் அறிந்த குழந்தைக்கு, ஓரெழுத்து மொழிக்கேற்ப வேறாக ஒலிக்கும் என்பதைச் சுட்டிக்காட்டுதல் எளிது.

8. முடிவுரை

பிரெஞ்சுவழிக் கல்வி ஆங்கில எழுத்தறிவுக்குத் தடையன்று. ஒலியாக்கும் திறன் பெரிதும் ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குக் கடக்கும். பொருளுணர்வுக்கு வேண்டிய சொல்வளம் அவ்வாறு முழுதும் கடப்பதில்லை. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் தம் உழைப்பை எழுத்துகளை மீளக் கற்பிப்பதில் செலவிடாது, முரண்களைத் தெளிவித்தல், பேச்சாங்கிலத்தை வளர்த்தல் ஆகிய இரண்டில் செலுத்துதல் பயன் தரும். இங்கு வகுக்கப்பட்ட ஐவகை முரண்களைக் கொண்டு, தமிழை வீட்டுமொழியாகவுடைய சிறாரின் ஆங்கில எழுத்துப்பிழைகளைத் தொகுத்து ஆராய்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.