நண்பருக்கு ஆபீஸ், உங்களுக்கு லீவு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ‘ஒரு தடவை வந்துட்டுப் போ’ என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாரா? மூன்று பகலில் முப்பது இடம் காட்டும் பேக்கேஜ் ஆசாமிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஒரு வாரத்துக்குச் சற்று மேல், ஒரே ஊரில், தனி ஆளாக, அவசரமே இல்லாமல் இருந்துவிட்டு வர நினைக்கும் உத்தியோகஸ்தர்களுக்காக எழுதுகிறேன். டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் இரண்டு காலண்டர்களை எடுத்து வையுங்கள். ஒன்று உங்கள் ஆபீஸுடையது, மற்றது நண்பருடையது.

நண்பருடையதை முதலில் பாருங்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் வருஷ ஊழியருக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் ஆண்டு விடுப்பு குறைந்தபட்சம் 7 நாள். வருஷத்துக்கு ஒன்றாகக் கூடி, எட்டாவது வருஷத்தில் 14 ஆகும். பல கம்பெனிகள் இதைவிடத் தாராளமாகத் தருகின்றன என்றாலும், அந்த லீவெல்லாம் ஊரில் அப்பா அம்மாவைப் பார்க்கவும் தங்கை கல்யாணத்துக்கும் என்று ஏற்கெனவே பங்கு பிரிந்திருக்கும். உங்களைச் சுற்றிக்காட்ட அதில் ஒரு நாளைக்கூடக் கேட்காதீர்கள். வெள்ளி இரவு கிளம்பி, அடுத்த ஞாயிறு திரும்பினால் இரண்டு வார இறுதிகள் கையில் வரும். அவை நண்பரோடு. நடுவில் உள்ள ஐந்து நாள் உங்களுக்கு மட்டும். தீபாவளி அங்கேயும் பொது விடுமுறைதான். ஆனால் நீண்ட விடுமுறை வந்தால் நண்பரே ஊருக்கு விமானம் ஏறிவிடக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவர் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், விருந்தாளி தங்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? சில இடங்களில் சமையலுக்கே நிபந்தனை உண்டு. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று அவர் இழுத்தால், பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் படுக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்.

இனி உங்கள் மேனேஜர். லீவு மெயிலில் காரணத்தை மூடி மறைக்க வேண்டாம். ‘பெர்சனல்’ என்று மட்டும் எழுதிவிட்டு, சிங்கப்பூர் போகிற சங்கதி கேன்டீன் வழியாகக் கசிந்தால், ‘இன்டர்வியூவுக்குப் போறான்’ என்று முடிவே கட்டிவிடுவார்கள். நண்பரைப் பார்க்கப் போகிறேன், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, என் வேலையை இன்னார் பார்த்துக்கொள்வார். மூன்று வரி போதும். அப்ரைசல் வாரத்தையும் ரிலீஸ் வாரத்தையும் தவிர்த்துத் தேதி கேளுங்கள். சரி என்று பதில் மெயில் வந்த பிறகே டிக்கெட். அரசு ஊழியர் என்றால் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு நகரும் வேகம் உங்களுக்கே தெரியும், சீக்கிரம் தொடங்குங்கள்.

பொறுப்பை ஒப்படைக்க ஒரு பக்கம் எழுதினால் போதும். எது பாக்கி, எந்த ஃபைல் எங்கே, யார் கேட்டால் என்ன சொல்வது, எது நீங்கள் வரும்வரை காத்திருக்கலாம். கடைசிதான் முக்கியம், அது இல்லாததால்தான் பாதி போன்கள் வருகின்றன. லேப்டாப்பை வீட்டிலேயே வையுங்கள். கம்பெனி லேப்டாப்பை முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு கொண்டுபோவதைப் பல நிறுவனங்கள் தடுக்கின்றன. அங்கிருந்து லாகின் செய்தால் கணக்கே முடங்கலாம். நண்பர் தன் கம்பெனியில் ‘சும்மா ரெண்டு நாள் வந்து ஹெல்ப் பண்ணு’ என்றாலும் தலையாட்டாதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்வது அங்கே குற்றம், மாட்டினால் அவருக்கும் சேர்த்துத்தான் சிக்கல்.

நேர வித்தியாசம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னை ஆபீஸ் ஒன்பதரைக்குத் திறக்கும்போது அங்கே மதியம் பன்னிரண்டு. ஆக, காலைப் பொழுது முழுக்க உங்களை யாரும் தேட மாட்டார்கள். மேனேஜர் ஆறரைக்கு ‘ஒரே ஒரு சந்தேகம்’ என்று கூப்பிட்டால் உங்களுக்கு இரவு ஒன்பது. தூங்கிவிட்டேன் என்று மறுநாள் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த ஐந்து காலைகளை எப்படிச் செலவழிப்பது? தாவரவியல் பூங்கா விடிகாலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது, கட்டணம் இல்லை. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக் காட்டில் மர உச்சிகளின் உயரத்தில் 250 மீட்டர் தொங்குபாலம் உண்டு; அது திங்கட்கிழமை மூடியிருக்கும். என் ஓட்டு புலாவ் உபின் தீவுக்கு. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் சின்ன மோட்டார் படகுகள் நிற்கும். நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு எடுப்பார்கள். வார இறுதியில் சீக்கிரம் நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் தனியாகப் போனால் பெஞ்சில் உட்கார்ந்து தலைகளை எண்ண வேண்டியதுதான். நிமிஷக் கணக்கில் ரயில் ஓடும் ஊரில் இப்படி ஒரு துறை இருப்பதே எனக்குப் பிடித்த விஷயம். பொறுமை இல்லாதவர்கள் காலி இடங்களுக்கும் காசு கொடுத்துக் கிளம்பச் சொல்லலாம், ஆனால் லீவில் வந்தவருக்கு அப்படி என்ன அவசரம்? தீவில் இறங்கியதும் வாடகை சைக்கிள் கிடைக்கும். பழைய கருங்கல் குவாரிகளில் தண்ணீர் தேங்கி ஏரியாகக் கிடக்கிறது. கிழக்கு ஓரத்தில் செக் ஜாவா சதுப்பு நிலம். கடலோர மரப்பாதையில் நடக்கலாம். காட்டுப்பன்றி எதிரே வந்தால் சாப்பாட்டுப் பையை நீட்டாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஒரு நாள் மதியம் நண்பரை ஆபீஸ் பக்கத்து உணவங்காடியில் சந்தியுங்கள். ஆமோய் ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பன்னிரண்டரைக்கு நாற்காலி கிடைப்பது பெரும்பாடு. காலி மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரி. தள்ளிவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். ஒரு மணிக்கு நண்பர் ஓடிவிடுவார். நீங்கள் பால் இல்லாத ‘கோப்பி ஓ’ ஒன்று வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உட்காரலாம். நடுவில் ஒரு நாள் சாயங்காலம் வெளியே சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வீடு திரும்புங்கள். அவருக்கும் தன் வீட்டில் தனியாக இருக்கத் தோன்றும்.

காகித வேலை கொஞ்சம்தான். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்டால் தப்பான தளத்தில் இருக்கிறீர்கள். வேப் கருவியும் சூயிங்கம்மும் பையில் வேண்டாம். சிகரெட்டுக்கு ஒன்று விடாமல் வரி உண்டு. வங்கி ஓடிபிக்காக இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

ஞாயிறு இரவு வந்து இறங்கி திங்கள் காலை ஆபீஸில் நிற்கும் வீரம் யாருக்கும் தேவையில்லை. திங்கட்கிழமையையும் லீவிலேயே சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்னும் தானியங்கி மெயிலில் செவ்வாய் மதியம் வரை என்று போடுங்கள். செவ்வாய் காலை மெயிலைத் திறப்பதற்கு முன், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். குவிந்து கிடக்கும் மெயில்களில் முக்கால்வாசி ஏற்கெனவே முடிந்த விவகாரமாக இருக்கும். எது முடியவில்லை என்பதை அவர் சொல்லிவிடுவார். அடுத்த மாதம் அவர் லீவு போட்டால் அந்த ஒரு பக்கத்தை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.