புதுக் கணினிக்கு எந்த மென்பொருள்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டுக் கணினியில் என்ன மென்பொருள் போடலாம் என்பதற்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பல, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. 2001-இல் வந்த அந்த இயங்குதளத்தில் வைரஸ் தடுப்பு கிடையாது. ஃபயர்வால் இருந்தது, ஆனால் 2004 வரை அது அணைத்த நிலையிலேயே வந்தது. காவலுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு முழுவதும் வாங்கியவர் தலையில் விழுந்தது. அன்றைக்குப் பொருந்திய யோசனைகள் பல இன்று வீண்செலவு. சில நேரடி ஆபத்து. ஒரு மென்பொருளை நம்பலாமா என்று இப்போது பார்க்கவேண்டியவை இரண்டு: அது எங்கிருந்து வருகிறது, அதிலுள்ள ஓட்டைகளை யார் தொடர்ந்து அடைக்கிறார்கள்.

"காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியே ஆகவேண்டும்"

விண்டோஸ் 8 வெளிவந்த 2012-லிருந்து வைரஸ் தடுப்பு இயங்குதளத்துக்கு உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்று இப்போது பெயர். தொடக்கத்தில் அது சோதனைகளில் பின்தங்கியது உண்மை. அப்போது வந்த கெட்ட பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சுயேச்சையான சோதனைக்கூடங்களில் அது பல ஆண்டுகளாகக் கட்டண மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண் பெற்றுவருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். புது லேப்டாப்போடு சோதனைப் பதிப்பாக வரும் வேறு ஆன்டிவைரஸ், தவணை முடிந்ததும் பணம் கேட்டு எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும். அதை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவைப்பதாலும் பாதுகாப்பு அதிகரிக்காது. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துச் சோதிக்க முயலும், கணினி திணறும். போதாததற்கு, ஆன்டிவைரஸ் என்பது கணினியில் எதையும் பார்க்க அனுமதி பெற்ற மென்பொருள். அவாஸ்ட் நிறுவனத்தின் இலவச ஆன்டிவைரஸ், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டவைத்தது.

"கடையிலேயே எல்லாம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்"

பாகங்களை வாங்கிப் பூட்டித்தரும் கணினிகளில் விண்டோஸ், ஆஃபீஸ், போட்டோஷாப் எல்லாவற்றையும் உரிமம் இல்லாமல் ஏற்றித் தருவது சில கடைகளில் வழக்கமாகவே இருக்கிறது. இதை லாபம் என்று எண்ணுவதுதான் இந்தப் பட்டியலிலேயே மிக மோசமான நம்பிக்கை. கிராக் செய்த மென்பொருளின் முதல் நிபந்தனை, நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவைக்க வேண்டும் என்பது. யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு, காவலை விலக்கி, கணினியின் முழு அதிகாரமும் கொடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய வழியில்லை.

ஆனால் இப்படி நடந்த சில, ஆய்வாளர்களால் பதிவாகியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சீன நகரங்களில் 20 புதுக் கணினிகளைக் கடைகளில் வாங்கிச் சோதித்த விவரம் 2012-இல் வெளியானது. நான்கில், வாங்கும்போதே வைரஸ் இருந்தது. உற்பத்தியான இடத்துக்கும் விற்பனைக் கடைக்கும் நடுவே, கள்ள விண்டோஸோடு சேர்ந்து அது ஏறியிருந்தது. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொன்றைக் கண்டது: விண்டோஸையும் ஆஃபீஸையும் பணம் கட்டாமல் இயங்கவைக்கும் கேஎம்எஸ்பிக்கோ என்ற கருவியின் பெயரில், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ பணப்பைகளையும் திருடும் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் பரவிக்கொண்டிருந்தது. இணைய வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இது நடந்தால், மிச்சப்படுத்திய உரிமக் கட்டணம் எந்த மூலைக்கு?

பிராண்டட் லேப்டாப்களில் பெரும்பாலும் அசல் விண்டோஸ் சேர்ந்தே வருகிறது. விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இயங்குதளம் இல்லாமல் வாங்குவோருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை உரிமத்தோடும் செலவில்லாமலும் கிடைக்கின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வகைதான். ஆஃபீஸுக்கு மாற்றாக லிப்ரே ஆஃபீஸ், படம் திருத்த ஜிம்ப், வரைய கிரிட்டா. சிக்கலான மேக்ரோ எழுதிய எக்செல் கோப்புகள் லிப்ரே ஆஃபீஸில் சரியாக ஓடாமல் போகலாம். கடிதம், பள்ளிக் கட்டுரை, வீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கு அது தாராளம்.

தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் தேடி அலைவதும் பழைய பழக்கம். தமிழ் 99, அஞ்சல், ஒலிப்பு முறை விசைப்பலகைகள் இன்றைய விண்டோஸிலேயே உள்ளன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும்.

"இலவசம் என்றாலே வில்லங்கம்தான்"

விஎல்சி பிளேயர், பாரிஸில் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. 2001-இல் அதன் மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதில் விளம்பரம் இல்லை. 1999-இல் இகோர் பாவ்லோவ் வெளியிட்ட 7-ஜிப்பும் அப்படியே. இவற்றின் பின்னால் இருப்பவர்கள் யார், எப்படி இயங்குகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. யார் செய்தது என்பதே தெரியாமல், முகவரி இல்லாமல் வரும் "இலவச வீடியோ கன்வெர்ட்டர்" வேறு சாதி.

இதன் மறுமுனையிலும் ஒரு நம்பிக்கை உண்டு: மூலநிரல் திறந்திருந்தால் ஆபத்தே இல்லை என்பது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்ற சிறு நூலகத்தைப் பராமரிப்பதில், ஒருவர் ஈராண்டுக்கும் மேலாக உதவி நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அதில் கள்ளக்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணம் தேடப்போய் அதைப் பிடித்தார். திறந்திருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. யாராவது பார்த்தால்தான் அந்தத் திறப்புக்குப் பயன்.

"தேடலில் முதலில் வருவது அசல் தளம், பூட்டுக் குறி இருந்தால் நம்பலாம்"

தேடல் முடிவுகளின் உச்சியில் வருவது பெரும்பாலும் விளம்பரம். புகழ்பெற்ற மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் அமைத்து, அந்த இடத்தைக் காசு கொடுத்துப் பிடிக்கும் மோசடி பெருகியதால், அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. தளம் அச்சு அசலாக இருக்கும். பதிவிறக்கும் கோப்புதான் வேறு. பூட்டுக் குறி இதற்குக் காப்பு அல்ல. உலாவிக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் எவரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களுக்கும் அந்தச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வதாலேயே கூகுள் 2023-இல் குரோமிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிட்டது.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதை அங்கிருந்தே எடுப்பது நல்லது. வெளியிட்டவர் பெயரையும் பார்க்க வேண்டும், ஒத்த பெயர்கள் அங்கும் உண்டு. மற்றவற்றுக்கு உருவாக்கியவரின் முகவரியையே தட்டச்சு செய்யலாம்: விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க். மூன்றாம் தரப்புப் பதிவிறக்கத் தளங்கள் வேண்டாம். 2015-இல், நெடுங்காலம் மதிக்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளமே ஜிம்ப்பின் விண்டோஸ் பதிப்போடு விளம்பர மென்பொருளைக் கட்டி விநியோகித்தது.

"வேகத்துக்கு ஒரு கிளீனர் வேண்டும்"

புதுக் கணினிக்கு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் வேகம் கூடுவதில்லை. அத்தகைய கருவிகளை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதும் இல்லை. குப்பைக் கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், கணினி திறந்ததும் தாமாகவே கிளம்பும் நிரல்கள். டாஸ்க் மேனேஜரில் அவற்றை அணைக்கலாம். இந்த வகையில் மிகப் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்பில், 2017-இல் ஊடுருவிகள் அதன் சொந்த சர்வரிலேயே தீநிரலைச் செருகினர். சுமார் 22 லட்சம் பேர் அதை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கியிருந்தார்கள். தேவையில்லாத ஒன்றை, சரியான இடத்திலிருந்து எடுத்தும் மாட்டிக்கொண்டார்கள்.

"அப்டேட் போட்டால் கணினி கெட்டுவிடும்"

புதுப்பிப்பால் கோளாறு வருவது உண்டு. ஆனால் 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களை நிறுத்திய கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறை இதற்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீட்டுக் கணினிகளில் இல்லை. எதிர்ப்பக்கம் உள்ள கணக்கு பெரிது. 2017 மே 12-இல் தொடங்கிய வான்னாக்ரை தாக்குதல் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டு வெளியிட்டிருந்தது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய இருப்பிலுள்ள கணினியோ, செகண்ட் ஹேண்ட் கணினியோ வாங்குவோர், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா, அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் உள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

"நல்ல நிறுவனத்தின் மென்பொருளால் கெடுதல் வராது"

எனிடெஸ்க் நேர்மையான மென்பொருள்; தொலைவிலிருந்து கணினியையோ கைப்பேசியையோ இயக்க உதவுவது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அதையே நிறுவச்செய்து பணத்தை எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. எந்த ஆன்டிவைரஸும் அதைத் தடுக்காது, ஏனென்றால் அது வைரஸ் அல்ல. தொலைபேசியில் ஒருவர் சொல்லி எதையும் நிறுவாதிருப்பது ஒன்றே வழி. உலாவி நீட்சிகளிலும் இதே கவனம் தேவை. பல லட்சம் பேர் பயன்படுத்திய கிரேட் சஸ்பெண்டர் 2020-இல் கைமாறியது; தீநிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது.

"ஒன்டிரைவில் இருக்கிறது, பேக்கப் வேண்டாம்"

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை கணினியில் நடப்பதை மேகத்திலும் அப்படியே செய்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கக் குறிப்பிட்ட கெடுவே உண்டு. குடும்பப் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியாக ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் நகல் வேண்டும். விண்டோஸிலுள்ள ஃபைல் ஹிஸ்டரி இதற்குப் போதும். நகலெடுத்து முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவைக்க வேண்டும். இணைந்தே இருந்தால், கணினிக்குள் வரும் ரான்சம்வேர் அதிலுள்ளவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும்.