வேர் பாதி வளர்ந்த பருவம்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதமும் எக்ஸ்ரே படமும் நேற்று வந்தன. ஞானப்பல்லைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் வைத்தால் அது உயிரோடு இருக்குமா, வெறும் கல்லாகக் கிடக்குமா என்று கேட்டிருக்கிறாய். உன் டாக்டரிடமே கேட்டிருக்கலாம். கூச்சப்பட்டிருப்பாய். பரவாயில்லை, முப்பது வருஷமாகப் பல்லுக்குக் கிளிப் போடுகிற பெரியம்மா எதற்கு இருக்கிறேன்?

உன் வாயில் என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். கீழ்த்தாடையில் முதல் பெரிய கடைவாய்ப்பல் 6 வயதில் முளைக்கும். அதன் பின்னால் இரண்டாவது, 12 வயதையொட்டி வரவேண்டும். தாடை பின்பக்கம் நீண்டு இடம் விட்டால்தான் அது நிமிர்ந்து வரும். உனக்கு இடப்பக்கத்தில் இடம் போதவில்லை. அந்தப் பல் முன்னால் சாய்ந்து, முதல் கடைவாய்ப்பல்லின் இடுப்புக்குக் கீழே தலையை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வலியில்லையே என்று விட்டுவிடக் கூடாது. அந்த இடுக்கில் சோறு தங்கும், பிரஷ் எட்டாது. நன்றாக இருக்கிற முதல் கடைவாய்ப்பல்லும் பின்பக்கத்தில் சொத்தையாகும்.

இப்படிச் சாய்ந்த பல்லை நிமிர்த்தப் பார்ப்பதுதான் முதல் வழி. ஈறை விலக்கி, பல்லில் ஒரு சிறு கொக்கியை ஒட்டி, மாதக்கணக்கில் கம்பியால் இழுத்து நிமிர்த்துவோம். நானும் பெரும்பாலும் அதையே செய்கிறேன். ஆனால் உன் பல் ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது, வேரின் நுனியும் வளைந்திருக்கிறது. இழுத்தால் வரும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. இம்பிளாண்ட் வைக்கலாமே என்று உன் அப்பா கேட்டாராம். வளர்கிற தாடையில் வைக்கக் கூடாது. அது எலும்போடு இறுகி அசையாமல் நின்றுவிடும். பக்கத்துப் பற்கள் வளர்ந்து மேலே வர, அது மட்டும் பள்ளத்தில் கிடக்கும். ஆகவே அந்தப் பல்லை எடுத்துவிட்டு உன் ஞானப்பல்லையே அங்கே வைக்கலாம் என்று உன் டாக்டர் சொன்னது சரியான யோசனை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருக்கவில்லை. வேரைச் சுற்றிலும் ஒரு சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். அந்தச் சவ்வின் நார்கள்தான் பல்லைக் குழிக்குள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டாலும் சட்டென்று தெரிகிறதே, அது இந்தச் சவ்வின் வேலை. பல்லை மாற்றி நடுகிறோம் என்று சொன்னாலும் நாங்கள் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபடுவது இந்தச் சவ்வைத்தான். அதன் செல்கள் பிழைத்துவிட்டால் புதுக் குழியிலும் பற்றிக்கொள்ளும், சுற்றிலும் எலும்பை வளர்த்துக்கொள்ளும். காய்ந்துவிட்டாலோ நசுங்கிவிட்டாலோ, எலும்பு நேரே வேரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு அந்த வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எலும்பாக்கிவிடும்.

நீ கபடி ஆடுகிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது நிலைத்த பல் முழுதாக விழுந்துவிட்டால், தலைப்பக்கத்தை மட்டும் பிடித்து எடு. வேரைத் தேய்க்காதே. அந்தக் குழியிலேயே உடனே வைக்கப் பார். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடு. காப்பாற்ற வேண்டியது அங்கேயும் இதே சவ்வுதான்.

இதை அறியாமல் மனிதர்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறும். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் பணக்காரர்களின் வாயில் ஏழைகளின் பல்லைப் பிடுங்கி நட்டார்கள். பெரிய அறுவை மருத்துவரான ஜான் ஹண்டரே இதை ஆதரித்தார். பல் கொடுப்பவர்கள் பலரைத் தயாராக வைத்திருங்கள், ஒருவருடையது பொருந்தாவிட்டால் அடுத்தவருடையதை எடுக்கலாம் என்பது அவருடைய அறிவுரை. மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டும் சோதித்தார். அந்தப் பல் இன்றும் லண்டனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோலண்ட்சன் என்ற ஓவியர் 1787-இல் இந்தக் கொடுமையைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். காசுக்காகப் பல்லைக் கொடுத்த பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் ஓட்டை வாய். வாங்கியவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. அடுத்தவர் திசுவை உடம்பு ஏற்காது, நோயும் கூடவே வரும். உனக்குச் செய்யப்போவது அப்படியல்ல. உன் பல் உன் வாயிலேயே ஓர் இடம் விட்டு ஓர் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

சவ்வு பிழைத்தால் பல் நிற்கும். ஆனால் பல்லுக்குள்ளே கூழ் என்று ஒன்று இருக்கிறது. ரத்தக் குழாயும் நரம்பும் வேர் நுனி வழியாக அதற்குள் போகின்றன. பிடுங்கும்போது அவை அறுந்துவிடும். வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடிக்கொண்ட பல்லில் அவை மறுபடி நுழைய வழியில்லை. அதற்கு ரூட் கேனால் செய்தே ஆகவேண்டும். வேர் பாதியோ முக்காலோ வளர்ந்து, நுனி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் புது ரத்தக் குழாய்கள் உள்ளே ஏறும், கூழும் பிழைக்கும், மிச்ச வேரும் புது இடத்தில் வளரும். நம் அம்மாச்சி சொல்லுமே, நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டாது என்று. பல்லுக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. ஞானப்பல்லுக்கு அது பெரும்பாலும் உன் வயதில்தான் வரும். உன் படத்தை வெளிச்சத்தில் வைத்து அளந்து பார்த்தேன். மேல் இடது ஞானப்பல்லின் வேர் பாதியைத் தாண்டியிருக்கிறது, நுனி அகலமாகத் திறந்திருக்கிறது. கீழே உள்ளதைவிட அதன் வேர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூம்பாக இருப்பதால் சேதமில்லாமல் எடுப்பதும் சுலபம்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். முப்பரிமாண ஸ்கேன் ஒன்று எடுப்பார்கள். அதை வைத்து உன் ஞானப்பல்லின் அச்சு அசல் பிரதியை முன்கூட்டியே பிளாஸ்டிக்கில் செய்துவிடலாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, சிக்கிய பல்லை எடுத்து, அந்தப் பிரதியை வைத்துப் பார்த்துக் குழியைச் சரிசெய்வார்கள். குழி தயாரான பிறகே நிஜப் பல் வெளியே வரும். அப்போதுதான் அது காற்றில் இருக்கும் நேரம் சில நிமிடங்களோடு முடியும். எதிர்ப்பல் இடிக்காதபடி சற்றுத் தாழ்வாக வைத்து, மேலே தையல் போடுவார்கள், அல்லது மெல்லிய கம்பியால் பிணைப்பார்கள். இறுக்கிக் கட்டமாட்டார்கள். கொஞ்சம் அசைவு இருந்தால்தான் சவ்வு ஒழுங்காக ஆறும். ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம், இட்லியும் தயிர்சாதமும்தான். அதன் பிறகும் வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பல்லைத் தட்டும்போது உலோகம்போல் கணீரென்று கேட்டால் எலும்பு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

எத்தனை நாள் நிற்கும் என்றும் கேட்பாய். நார்வேயின் ஓஸ்லோவில் இளவயதில் மாற்றி நட்ட 33 பற்களை 17 முதல் 41 வருஷம் கழித்துப் பார்த்து, 2002-இல் எழுதினார்கள். 90 சதவீதம் பற்கள் வாயிலேயே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை முன்கடைவாய்ப் பற்கள். ஞானப்பல் அவ்வளவு இணக்கமானது அல்ல, பல வேர்கள், எட்டாத இடம். அதே எண்ணை உனக்கு உறுதியாகத் தரமாட்டேன். ஆனாலும் என் மகளாக இருந்தால் செய்யச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பத்து வருஷத்துக்கு முன் உன்னைப் போலவே ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்றார்கள் பெற்றோர். நானும் சரி என்றேன். பரீட்சை முடிந்து, கல்லூரியில் சேர்ந்து, அவன் திரும்பி வந்தபோது வேர் நுனி மூடியிருந்தது. பல்லை மாற்றினோம், நிற்கிறது. ஆனால் கூழ் செத்துவிட்டது, ரூட் கேனால் செய்ய வேண்டியதாயிற்று. அன்று நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

உன் அம்மாவும் பிளஸ் டூ முடியட்டும் என்று சொல்வதாக எழுதியிருக்கிறாய். அவளிடம் நான் பேசுகிறேன். அரையாண்டு லீவிலேயே தையல் பிரித்துவிடலாம். ஸ்கேனுக்கு நாள் குறித்ததும் எனக்குச் சொல், அன்றைக்கு நானும் உன்னோடு வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா